துண்டு தலைக்கு ஏறாத வருஷம்

உட்காருங்க தம்பி. ஜன்னலோரம் வேணும்னா மாறிக்கலாம், எனக்கு எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணுதான். நான் இன்னும் ரொம்ப தூரம் போறேன். ரேஞ்சர் ஆபீசுக்கு. மரம் வெட்ட அனுமதி கேட்கவெல்லாம் இல்லை. ஒரு ஆள் அங்க பொய் எழுதிக் கொடுத்திருக்கான். கவர்ன்மெண்டு காகிதத்துல, கையெழுத்துப் போட்டு, முழுப்பொய். அதைத் திருத்தச் சொல்லணும்.

ஆள் யாருன்னா, கொம்பையான்னு பேரு. எங்க ஊரு பஜார்ல தையல் கடை வச்சிருக்கான். நான் அய்யம்பெருமாள். தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குற வேலை. அவனும் நானும் முப்பத்தொரு வருஷம் ஒண்ணா வேட்டைக்குப் போனவங்க. ஞாயித்துக்கிழமை தவறினது கிடையாது. முயல் வேட்டை. துப்பாக்கி இல்லை, வலை இல்லை, ராத்திரி லைட் அடிச்சு மயக்குற அசிங்கமெல்லாம் இல்லை. பட்டப்பகல்ல ரெண்டு கம்பு, ஒரு நாய். அவ்வளவுதான்.

சட்டம் தெரியும் தம்பி. முயலைத் தொட்டா கேசுன்னு எங்க ஊர்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் போனீங்கன்னு கேட்பீங்க. நீங்க ஒரு நாள், ஒரே ஒரு நாள், மருந்து முக்குற இடத்துல நின்னு பார்த்திருக்கணும். ஆறு நாளும் நான் சாப்பிடுற சோத்துல அந்த வாடை இருக்கும். தலையணையில இருக்கும். ஏழாம் நாள் விடியக்காலம் உப்போடைக் காட்டுல கால் வச்சதும் மூக்கு திறக்கும் பாருங்க! கொளுஞ்சிச் செடி மிதிபட்டா ஒரு வாடை வரும், பனி விழுந்த கரிசலுக்கு ஒரு வாடை. ரெண்டையும் இழுத்து உள்ள வச்சுக்குவேன், அடுத்த ஆறு நாளைக்கு. கொம்பையாவுக்கு அது வேற மாதிரி. வாரமெல்லாம் மிஷின்ல குனிஞ்சே கிடக்கிறவன். ஞாயித்துக்கிழமை காட்டுல நடக்கும்போதுதான் அவன் இவ்வளவு உயரமான்னு எனக்கே தெரியும்.

உடம்புக்கும் நல்லது. என்கூட வேலைக்குச் சேர்ந்தவங்க எட்டுப் பேரு. ஆறு பேருக்கு சுகர், ரெண்டு பேரு போய்ச் சேர்ந்தாச்சு. எனக்கு ஒண்ணும் கிடையாது. கேம்ப்புக்கு வந்த டாக்டரம்மா, "பெரியவரே, வாக்கிங் போவீங்களா?"ன்னு கேட்டாங்க. "ஆமாம்மா, வாரம் ஒரு நாள் கொஞ்சம் வேகமா"ன்னேன்.

கறிக்காகப் போனோம்னு மட்டும் நினைச்சிராதீங்க. ஒரு முயல்ல என்ன கறி தேறும், ரெண்டு வீட்டுக்கு? கறி வேணும்னா கடையில கிடைக்கு. "கறிக்கா போறோம்?"னு நான் அடிக்கடி சொல்லுவேன். எங்க ஊர்ல என்னைக் கேலி பண்றதுக்கே அதைச் சொல்லுவாங்க.

கொம்பையாவை முதல்ல பார்த்ததே ஒரு முயல்லதான். நான் விரட்டிக்கிட்டு வர்றேன், இவன் எதிர்த்தாப்ல ஓடை மேட்டுல உட்கார்ந்து வெளிக்கு இருக்கான். முயல் நேரா அவன் மடியில போய் விழுந்திருச்சு. எந்திரிக்கவும் முடியாம, விடவும் முடியாம, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "ஏய், இது யாரு முயல்? சீக்கிரம் வாங்கய்யா!"ன்னு கத்துறான். எனக்கு ஓட முடியலை, சிரிப்பு. அன்னைக்கே ரெண்டு பேரும் மாப்ளே, மச்சான் ஆயிட்டோம்.

முயல் பகல்ல படுத்திருக்கும் தம்பி. உள்ளங்கையைக் குவிச்ச மாதிரி மண்ணைச் சின்னதாப் பறிச்சு, காதை முதுகோட ஒட்டிக்கிட்டு கிடக்கும். அதைப் படுக்கைன்னு சொல்லுவோம். மண்ணும் முயலும் ஒரே நிறம். பக்கத்துல நின்னாலும் தெரியாது. கண்டுட்டா நிக்கக்கூடாது, கையை நீட்டக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. நின்னா எந்திரிச்சுப் பறந்திரும். ஒண்ணும் காணாத மாதிரி நடந்துகிட்டே இருக்கணும். அதுக்கு எங்களுக்குள்ள ஒரு அடையாளம். கண்டவன் தோள்ல கிடக்கிற துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கணும். மத்தவன் அதைப் பார்த்துட்டு நாயை வளைச்சுக் கொண்டுவந்து அவுப்பான். நாயை யாரு அவுத்தாலும், கண்டவனுக்கு ஒரு தொடை. அது முறை.

கண்டா துண்டு தலைக்கு ஏறணும். அதுதான் வேட்டை. அதுல பொய் வந்துட்டா அப்புறம் என்ன இருக்கு சொல்லுங்க?

கொம்பையாவுக்குக் கண்ணு அப்படி. ஊசியில நூல் கோக்கிற கண்ணுல்ல. பத்து முயல்ல ஏழு அவன் கண்டதாத்தான் இருக்கும். எட்டுன்னுகூட வச்சுக்கங்க. ஒம்பதுன்னு எங்க ஊர்ல சிலபேர் சொல்லுவாங்க, அதெல்லாம் பொறாமை.

எங்க அம்மா தவறினப்ப நான் வேலைக்கும் போகலை, யார்கூடவும் பேசலை. பதினாறு முடிஞ்ச மறு ஞாயிறு விடிய, இவன் வாசல்ல ரெண்டு கம்போட வந்து நிக்கான். "வா"ன்னான். மத்தியானம் வரைக்கும் நடந்தோம். ஒரு முயல் எங்க காலடியிலயே எந்திரிச்சு ஓடுச்சு. ரெண்டு பேருக்கும் நாயை அவுக்கத் தோணலை. திரும்பி வந்து ஓடைத் தண்ணியில முகம் கழுவினேன், அன்னைக்குத்தான் எனக்குப் பசிச்சுது. அப்படி இருந்த ஆளு தம்பி. அப்படி இருந்தவன்தான்.

போன வருஷம் ஆவணியில அவன் மகன் அழகுவேலுக்கு வேலை கிடைச்சது. என்ன வேலைங்கிறீங்க? வனக்காப்பாளர்! எனக்குச் சிரிப்பு தாங்கலை. அரைக்கிலோ சேவு வாங்கிட்டுக் கடைக்குப் போனேன். "மாப்ளே, இனிமே நம்மளைப் பிடிக்க வர்றது நம்ம பிள்ளைதாம்லே! விலங்கு மாட்டும்போது மாமனுக்குக் கொஞ்சம் லூசா மாட்டச் சொல்லு"ன்னேன். கடையில இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. இவன் சிரிக்கலை. சேவை மட்டும் ஒண்ணொண்ணா எடுத்துத் தின்னான்.

அடுத்த ஞாயிறு வரமாட்டானோன்னு நினைச்சேன். வந்துட்டான். அஞ்சரைக்கு டான்னு வாசல்ல நிக்கான், கம்பு, துண்டு, எல்லாத்தோடயும். வராம இருந்திருந்தா நான் புரிஞ்சிருப்பேன். சரி, புரிஞ்சிருக்க மாட்டேன், சண்டை போட்டிருப்பேன். ஆனா அது நேர்மையான சண்டையா இருந்திருக்கும்.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஞாயிறு தவறாம நடந்தோம். ஒரு தடவைகூட அவன் துண்டு தலைக்கு ஏறலை.

ஒரு முயல் இல்லை தம்பி. நாலு மாசத்துல ஒண்ணுகூட இல்லை. எனக்குத் தூக்கம் போச்சு. காரணம் தேடித் தேடிப் பார்த்தேன். மக்காச்சோளத்துக்கு மருந்தடிச்சே எல்லாம் செத்திருக்கும்னு சொன்னேன். "ஆமா மாப்ளே, மருந்துதான்"ன்னான். மயில் பெருத்துப்போச்சு, குட்டியைக் கொத்தித் தின்னுருதுன்னு சொன்னேன். "மயில்தான் மாப்ளே, வேற என்ன"ன்னான். நான் என்ன சொன்னாலும் ஒத்துக்கிட்டான். முப்பது வருஷத்துல அவன் என் பேச்சை அப்படி ஒத்துக்கிட்டதே கிடையாது. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கடைசியில நாய் மேல போச்சு என் சந்தேகம். சிட்டுன்னு பேரு, சிப்பிப்பாறை ஜாதி. ஓடினா நாலு காலும் தரையில படாது. நாலு வயசுதான். கண்ணேறுன்னு சொல்லி அதுக்குக் கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டினேன். கருவாடு போட்டேன், முட்டை போட்டேன். மார்கழி ரெண்டாவது ஞாயிறு, ஒரு வேலிக்கருவைத் தூரைப் பார்த்துக் கயிறை இழுத்துக்கிட்டே நின்னுச்சு. கொம்பையா, "அங்க ஒண்ணுமில்லை, நான் பார்த்துட்டேன், வா"ன்னான். நாய் வரலை. எனக்குக் கோபம். கம்பால ரெண்டு போட்டேன். அது கத்தலை தம்பி. தரையோட தரையாப் படுத்து, கொம்பையாவைப் பார்த்துச்சு. மூணாவதுக்கு ஓங்கினப்ப அவன் கம்பைப் பிடிச்சுக்கிட்டான். "விடு மாப்ளே, அது என்ன செய்யும்"ன்னான்.

அது என்ன செய்யும்! அந்த வார்த்தையை எத்தனை தடவை நினைச்சுப் பார்த்திருக்கேன் தெரியுமா?

மார்கழி கடைசியில எதிர்பாராம ஒரு மழை. மழைக்கு மூணாம் நாள் ஞாயிறு, போனோம், வெறுங்கையோட வந்தோம். சிட்டுவோட கழுத்துப்பட்டை புதுசு, அது எங்கயோ அறுந்து விழுந்துட்டுது. திங்கக்கிழமை அரைநாள் லீவு சொல்லிட்டு அதைத் தேடி நான் தனியாப் போனேன். கரிசல் மண்ணு பாதி காஞ்சா, மிதிச்சது அச்சுல வார்த்த மாதிரி அப்படியே நிக்கும். என் டயர் செருப்புத் தடம் ஒரு பக்கம், நேராப் போகுது. இன்னொரு பக்கம் அவன் தடம். அவன் வலது பாதம் கொஞ்சம் வெளிய திரும்பியிருக்கும், மிஷின் மிதிச்ச காலு. ஆயிரம் தடத்துல நான் அதைக் கண்டுபிடிப்பேன்.

அந்தத் தடம் ஒரு இடத்துல வளையுது. காரணமே இல்லாம. முள்ளு இல்லை, பள்ளம் இல்லை, நேரா வந்த ஆளு ஏன் வளையணும்? வளைவுக்கு நடுவுல போய்க் குனிஞ்சு பார்த்தேன். படுக்கை. உள்ள நாலு ரோமம், பக்கத்துல புதுப் புழுக்கை.

இன்னும் கொஞ்சம் போனேன். மறுபடியும் வளைவு, மறுபடியும் படுக்கை. மூணாவது இடத்துல தடம் வளைஞ்சதோட இல்லாம, ஆழமாப் பதிஞ்சிருக்கு. முந்தின நாள் அந்த இடத்துல நின்னு, நாய்க் கயிறை என்கிட்ட இருந்து வாங்கினான்ல, "நான் பிடிச்சுக்கிறேன், உனக்குக் கை வலிக்கும்"னு, அது அங்கதான்! முயலுக்கும் நாய்க்கும் நடுவுல தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கான்.

அதுல ஒரு படுக்கைக்கு ரெண்டு முழம் தள்ளி என் செருப்புத் தடமும் போயிருந்தது. அது வேற விஷயம். எனக்கு நேரா வெயிலு.

கழுத்துப்பட்டையைத் தேடவே இல்லை. நேரா பஜாருக்குப் போனேன். ஒரு பொண்ணு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க நின்னுக்கிட்டு இருந்தது. "நீ அப்புறம் வா தாயி"ன்னு நானே அனுப்பிட்டேன்.

"என்ன மாப்ளே, வேலைக்குப் போகலையா?"ன்னான்.

"எத்தனை?"ன்னு கேட்டேன்.

"எது எத்தனை?"

"புரட்டாசியில இருந்து எத்தனை முயலைக் கண்டே?"

மிஷின் சக்கரத்தைக் கையால பிடிச்சு நிறுத்தினான். பொய் சொல்லுவான்னு நினைச்சேன். பொய் சொல்லியிருந்தா அங்கயே நாலு அறை விட்டுட்டு மனசு ஆறியிருப்பேன்.

"எண்ணலை மாப்ளே"ன்னான்.

"எண்ணாம விடுற அளவுக்கா?"

"உக்காரு. டீ சொல்றேன்."

"உன் டீயும் வேண்டாம், நீயும் வேண்டாம். ஏன்லே சொல்லலை?"

"நான் துண்டைப் போட்டா நீ நாயை அவுப்ப. சிட்டு பிடிச்சிரும். எவனாவது ஒருத்தன் போன்ல படம் எடுத்தா அழகுவேலு வேலை போயிரும். இன்னும் நிரந்தரம்கூட ஆகலை. அவன் யூனிபாரத்தை இந்த மிஷின்லதான் தச்சேன் மாப்ளே."

"அப்ப வேட்டைக்கு வரலைன்னு என்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ தனியாப் போவ."

"போவேன். போனா உனக்கென்ன?"

"எனக்கு ஞாயித்துக்கிழமை போயிருமே"ன்னான்.

கேட்டீங்களா! அவனுக்கு ஞாயித்துக்கிழமை போயிருமாம்! எனக்கு நாலு மாசம் போச்சே, அது கணக்கில்லை. "முயல் இல்லாம என்னலே ஞாயித்துக்கிழமை?"ன்னு கத்தினேன். ரோட்டுல போறவன் நின்னு பார்க்கான். அவன் சத்தத்தைக் கூட்டவே இல்லை. "கறிக்கா போறோம்னு நீதானே மாப்ளே எப்பவும் சொல்லுவ?"ங்கிறான். என் வார்த்தையை எடுத்து என் வாயிலயே அடைக்கான்.

"நாயை அடிச்சேனே, அப்பவாவது சொன்னியாலே?"

அதுக்குத்தான் தலையைக் குனிஞ்சான். "அது தப்பு மாப்ளே. அது ஒண்ணு தப்புதான்"ன்னான். அது ஒண்ணுதானாம். மத்ததெல்லாம் சரியாம்!

வீட்டுல வந்து சொன்னா, என் வீட்டுக்காரி செண்பகம் என்ன சொல்றா? "அவுக உங்ககூட நடக்கத்தானே வந்தாக. இதுல என்ன குத்தம் கண்டீக?"ங்கிறா. உனக்கு வேட்டையைப் பத்தித் தெரியாது, சும்மா இருன்னுட்டேன். பொம்பளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நடக்கவா? நடக்கணும்னா ரோடு இல்லையா? என்னை ஒரு கிறுக்கனாக்கி, காடு பூரா சுத்திக் காட்டியிருக்கான். நான் புலம்புறதைக் கேட்டுக்கிட்டே பக்கத்துல வந்திருக்கான். உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பான்ல? சிரிக்கலைங்கிறீங்க. உங்களுக்கு அவனைத் தெரியாது.

அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிறு நானும் சிட்டும் மட்டும் போனோம். ஒண்ணும் படலை. வெயில் ஏறிருச்சு, காலம் சரியில்லை. மூணாவது ஞாயிறு போகலை. வாசல்ல உட்கார்ந்திருந்தேன். அஞ்சரை மணிக்கு அந்த நாய் எந்திரிச்சுத் தெருவைப் பார்த்து நிக்குது. அடிக்கணும்போல வந்துச்சு. அடிக்கலை.

அன்னைக்குத்தான் எழுதினேன். ரேஞ்சர் ஆபீசுக்கு ஒரு கடுதாசி. "இந்த ஊர் டெய்லர் கொம்பையா என்பவர் முப்பத்தொரு வருஷமாக முயல் வேட்டையாடி வருகிறார். அவர் மகன் தங்கள் துறையில் பணிபுரிகிறார். தக்க நடவடிக்கை எடுக்கவும்." கீழ பேரு போடலை. மொட்டைக் கடுதாசின்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். அதுல ஒரு வரி பொய்யைக் காட்டுங்க பார்ப்போம். அவன் நாலு மாசம் மறைச்சான், நான் உள்ளதை எழுதினேன். இதுல யாரு துரோகி?

அப்படிப் பார்க்காதீங்க தம்பி. நீங்க நடுவுல ஏறினவரு. அந்த நாலு மாசம் நீங்க நடக்கலை.

கொம்பையாவைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. மகனை மலைப்பக்கம் மாத்தியாச்சு. வேலை போகலை, நல்லாக் கேட்டுக்கங்க, வேலை போகலை. முந்தாநாள் சாயங்காலம் அழகுவேல் எங்க வீட்டுக்கு வந்தான், பெட்டி படுக்கையோட, பஸ் ஏறப் போற வழியில. நான் உள்ள போயிரலாமான்னு பார்த்தேன். அதுக்குள்ள, "மாமா"ன்னு கூப்பிட்டுட்டான். செண்பகம் காப்பி போட்டுக் கொடுத்தா. குடிச்சுட்டுச் சொல்றான், "அப்பா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு மாமா. அபராதம் கட்டி, இனிமே காட்டுப்பக்கம் போகமாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. அந்தக் கடுதாசியைக் காட்டி எழுத்து யாரோடதுன்னு தெரியுதான்னு கேட்டாங்க. ரொம்ப நேரம் பார்த்தாரு. தெரியலைன்னுட்டாரு."

என் எழுத்து அவனுக்குத் தெரியாது! முப்பத்தொரு வருஷமா என் சட்டைக்கு அளவுச் சீட்டு நான்தான் எழுதிக் கொடுக்கேன், "தோள் லூசு, கை முழுசு"ன்னு. அது அவனுக்குத் தெரியாதாம்.

அந்தப் பிள்ளை போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "உங்களுக்கு ஒண்ணும் வராது மாமா, பயப்படாதீங்க. கூட யாரு வருவான்னு மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும், நான் தனியாத்தான் போவேன், கூட ஒருத்தரும் வந்ததில்லைன்னு சொல்லிட்டாரு. அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டாரு. நான் இனி மாசம் ஒருக்கத்தான் வர முடியும். ஞாயித்துக்கிழமை மட்டும் அவரைக் கொஞ்சம் பார்த்துக்கங்க"ன்னான்.

பார்த்துக்கணுமாம்.

அந்தப் பிள்ளை போனதுல இருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலை தம்பி. முயலை மறைச்சான், சரி. அது முயலு. இப்ப என்னையே மறைச்சுட்டானே! தனியாப் போனானாம். அப்ப ஓடை மேட்டுல அவன் மடியில முயலை விரட்டி விட்டது யாரு? பாம்புப் புத்துல கால் வைக்கப் போனவனை இழுத்துப் போட்டது யாரு? அவன் வாயால, மூணு தடவை, ஒருத்தரும் வந்ததில்லைன்னு சொல்ல அவனுக்கு எப்படி மனசு வந்துச்சு?

என்ன? கடுதாசியில என் பேரை நான் எழுதினேனான்னா? எழுதலை. அது புகாரு. புகார்ல என் பேரு எதுக்கு? இது அப்படியா? இது வாக்குமூலம். இதுல உள்ளதைச் சொல்ல வேண்டாமா?

அதுக்குத்தான் போறேன். ஐயா, அந்தக் காகிதத்தை எடுங்க, அதுல தனியான்னு எழுதியிருக்கிறதை அடிச்சுட்டு, அய்யம்பெருமாளும் வந்தான்னு எழுதுங்கன்னு சொல்லப் போறேன். என் மேலயும் கேஸ் போடுவாங்கதான். போடட்டும். அபராதமா, கட்டுறேன். உட்கார வைக்காங்களா, உட்கார்றேன். அவன் எழுத்துக்குப் பக்கத்துல என் பேரு வந்தாப் போதும். அவன் மேல இரக்கப்பட்டுப் போறேன்னு மட்டும் நினைச்சிராதீங்க. அவன் செஞ்சதுக்கு இந்த ஜென்மத்துல அவன் கடை வாசலை மிதிக்க மாட்டேன்.

ஸ்டாப்பு வந்திருச்சா? கொஞ்சம் வழி விடுங்க. கண்டக்டர், ஆள் இறங்குது, நில்லுங்க!

நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, இதை மட்டும் சொல்லுங்க தம்பி. அவன் தனியாத்தான் போனான்னா, முப்பத்தொரு வருஷம் அவன் பக்கத்துல நடந்தது யாரு?